நீலமும் நீலமும் சேர்ந்தால் கறுப்புக் குஞ்சு ஏன்? அழகுக் கோழிகளில் நிறம் கணிக்க ஒரு வழிகாட்டி

அழகுக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் அடை பொரிந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "புளூ கொச்சின் சேவலும் புளூ பெட்டையும் ஒரே கூண்டில் இருந்தன. வேறு சேவல் அந்தப் பக்கமே வரவில்லை. எட்டுக் குஞ்சில் மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் மை தெளித்த மாதிரி. முட்டை மாறிவிட்டதா?"

முட்டை மாறவில்லை. ஜோடியைக் கொடுத்தவர் ஏமாற்றவும் இல்லை. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் அப்படித்தான் வரும். வர வேண்டியதும் அதுதான். கோழியின் உடம்பில் நாம் பார்க்கும் நிறம் ஒன்று, அது குஞ்சுக்குக் கொடுக்கும் நிறம் இன்னொன்று. சில நிறங்களில் இரண்டும் ஒத்துப்போகும், சிலவற்றில் சுத்தமாக ஒத்துப்போகாது. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால், ஜோடி போடும்போதே எத்தனை பங்கு எந்த நிறம் என்று எழுதி வைத்துவிடலாம். அதற்கு உயிரியல் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டும், சட்டைப்பையில் இரண்டு நாணயமும் இருந்தால் போதும்.

முதலில்: இருப்பது இரண்டே சாயம்

கோழி இறகில் எத்தனை நிறம் தெரிந்தாலும் அடியில் இருப்பது இரண்டு சாயம்தான். ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பிலிருந்து பொன் வரை போகும் சாயம். வெள்ளை என்பது சாயம் இல்லாத இடம். நீலம், லாவெண்டர், சாக்லேட் எல்லாம் கறுப்பு வெளிறியோ மாறியோ வந்தவை. பஃப் என்பது சிவப்புச் சாயத்தின் இளம் வடிவம். செப்ரைட் கோழியின் இறகில் ஓரம் கட்டியது போல வருவது, இந்த இரண்டு சாயமும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் மரபணுக்களின் வேலை.

ஆகவே ஒரு பறவையைப் பார்த்ததும் "இது என்ன நிறம்" என்று கேட்காதீர்கள். "அடியில் என்ன சாயம், அதை எது மாற்றியிருக்கிறது" என்று கேளுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சீட்டுக் கணக்கு. ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வொரு கோழியிடமும் இரண்டு சீட்டு உண்டு. ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று தாய் கொடுத்தது. அது தன் குஞ்சுக்குக் கொடுப்பது அந்த இரண்டில் ஏதாவது ஒன்று. எதைக் கொடுக்கும் என்பது பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி. ஒரே ஒரு சீட்டு இருந்தாலே வெளியே தெரியும் பண்பை ஓங்கு பண்பு என்றும், இரண்டு சீட்டும் இருந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு பண்பு என்றும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டாணிச் செடியை வைத்துச் சொன்ன அதே பாடம்தான் இங்கேயும்.

நீலத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நீலத்தைத்தான். காரணம், இதில் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. நீலச் சீட்டு ஒன்றுமே இல்லாவிட்டால் பறவை கறுப்பு. ஒன்று இருந்தால் நீலம், அதாவது ஓரத்தில் கொஞ்சம் கருமை கட்டிய சாம்பல் நிறம். இரண்டு இருந்தால் ஸ்பிளாஷ், வெளிறிய உடம்பில் அங்கங்கே நீலக் கறை. கண்ணால் பார்த்தே கையில் எத்தனை சீட்டு என்று சொல்லிவிடலாம்.

ஆறு விதமாகத்தான் ஜோடி சேர முடியும்:

கறுப்பு × கறுப்பு: எல்லாமே கறுப்பு.
கறுப்பு × நீலம்: பாதி கறுப்பு, பாதி நீலம்.
கறுப்பு × ஸ்பிளாஷ்: எல்லாமே நீலம்.
நீலம் × நீலம்: கால் பங்கு கறுப்பு, அரைப் பங்கு நீலம், கால் பங்கு ஸ்பிளாஷ்.
நீலம் × ஸ்பிளாஷ்: பாதி நீலம், பாதி ஸ்பிளாஷ்.
ஸ்பிளாஷ் × ஸ்பிளாஷ்: எல்லாமே ஸ்பிளாஷ்.

நான்காவது வரியை நாணயத்தால் செய்து பாருங்கள். ஒரு நாணயம் சேவல், இன்னொன்று பெட்டை. தலை விழுந்தால் நீலச் சீட்டு, பூ விழுந்தால் வெறுஞ்சீட்டு. இரண்டையும் ஒன்றாகச் சுண்டுங்கள். இரண்டும் பூ என்றால் கறுப்பு, ஒன்று பூ ஒன்று தலை என்றால் நீலம், இரண்டும் தலை என்றால் ஸ்பிளாஷ். நாற்பது தடவை சுண்டி எழுதினால் ஏறத்தாழ பத்து, இருபது, பத்து என்று வரும். எட்டுத் தடவையோடு நிறுத்தினால் கன்னாபின்னாவென்று வரும். எட்டு முட்டை அடை வைப்பதும் அதே மாதிரிதான். நீல ஜோடியின் எட்டுக் குஞ்சில் ஒரு ஸ்பிளாஷ்கூட இல்லாமல் போவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எனவே ஒரு அடையை வைத்து "கணக்கு தப்பு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதே கணக்கைக் கட்டம் போட்டு எழுதும் முறைக்கு ரெஜினால்ட் பன்னட் என்ற ஆங்கிலேயரின் பெயர் நிலைத்துவிட்டது. பள்ளியில் போட்ட பன்னட் கட்டம் அதுதான். அவரும் வில்லியம் பேட்சனும் 1900களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் கோழிகளை வைத்தே பரம்பரைக் கணக்கை ஆராய்ந்தார்கள். மெண்டல் செடியில் கண்டது விலங்குக்கும் பொருந்தும் என்று காட்டிய முதல் சான்றுகளில் கோழிக் கொண்டையும் உண்டு. நீல அந்தலூசியன் கோழியைச் சுத்தமாக நீலமாகவே பெருக்க முடியாமல் வளர்ப்பவர்கள் திணறியதற்கு விடையும் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது. நீலம் என்பது ஒற்றைச் சீட்டின் நிறம். ஒற்றைச் சீட்டை நிலைநிறுத்த வழியே இல்லை.

இதிலிருந்து கைக்கு உதவும் முடிவு இரண்டு. நீலக் குஞ்சு வேண்டும் என்றால் நீல ஜோடி தேடி அலையாதீர்கள். நல்ல ஸ்பிளாஷ் சேவல் ஒன்று, கறுப்புப் பெட்டை நான்கைந்து. வருவது எல்லாம் நீலம். சந்தையில் ஸ்பிளாஷையும் கறுப்பையும் "நிறம் சரியில்லை" என்று குறைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு. இரண்டாவது, நீலப் பெற்றோருக்குப் பிறந்த கறுப்புக் குஞ்சுக்குள் நீலம் ஒளிந்திருக்கும் என்று நம்பி வளர்க்காதீர்கள். அது முழுக் கறுப்பு, அவ்வளவுதான்.

லாவெண்டர் வேறு, நீலம் வேறு

நான் பாடம் கற்றது இங்கேதான். லாவெண்டர் ஆர்பிங்டன் சேவல் ஒன்று கையில் இருந்தது. அதற்கு நிறம் பொருத்தமாக இருக்கும் என்று நீலப் பெட்டைகள் இரண்டைச் சேர்த்தேன். சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் அழகான வெளிர்சாம்பல் வரும் என்பது என் எண்ணம். ஒன்பது குஞ்சு பொரிந்தது. ஐந்து கறுப்பு, நான்கு நீலம். ஒன்றுகூட லாவெண்டர் இல்லை.

லாவெண்டர் ஒடுங்கு பண்பு. இரண்டு சீட்டும் இருந்தால்தான் தெரியும். ஒற்றைச் சீட்டு இருந்தால் பறவை சாதாரணக் கறுப்பாகவே தெரியும், ஆனால் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். இப்படிச் சுமக்கும் பறவையைக் கோழிக்காரர்களும் காதல்பறவை வளர்ப்பவர்களும் ஸ்பிளிட் என்கிறார்கள். என் நீலப் பெட்டைகளிடம் லாவெண்டர் சீட்டே இல்லை. அதனால் ஒன்பது குஞ்சும் லாவெண்டர் ஸ்பிளிட் ஆகத்தான் பிறக்க முடியும். நீலச் சீட்டு விழுந்தவை நீலமாகவும் விழாதவை கறுப்பாகவும் வந்தன.

லாவெண்டரின் கணக்கு எளிது. லாவெண்டர் ஜோடிக்கு எல்லாமே லாவெண்டர். லாவெண்டருக்கும் சுத்தக் கறுப்புக்கும் எல்லாமே கறுப்பு ஸ்பிளிட். லாவெண்டருக்கும் ஸ்பிளிட்டுக்கும் பாதிக்குப் பாதி. ஸ்பிளிட் இரண்டு சேர்ந்தால் கால் பங்கு லாவெண்டர், மீதி முக்கால் பங்கும் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பில் மூன்றில் இரண்டு ஸ்பிளிட். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கூண்டு முன்னால் நின்று நீலத்தையும் லாவெண்டரையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. நீலத்தில் இறகின் ஓரம் கருமை கட்டியிருக்கும். சேவலின் கழுத்தும் முதுகும் உடம்பைவிட நன்றாகக் கறுத்திருக்கும். லாவெண்டர் தலை முதல் வால் வரை ஒரே சீரான வெளிர்சாம்பல், ஓரக்கோடு இருக்காது. விற்பவர் சொல்லும் பெயரை நம்பாமல் இறகைக் கையில் விரித்துப் பாருங்கள். லாவெண்டர் ஆர்பிங்டனில் வால், இறக்கை இறகுகள் நார்நாராகக் கிழிந்து போகும் குறையும் சில வம்சங்களில் உண்டு. அதற்காகத்தான் இரண்டொரு தலைமுறைக்கு ஒருமுறை நல்ல கறுப்புப் பறவையோடு சேர்த்து மீண்டும் லாவெண்டருக்குத் திரும்புகிறார்கள்.

இனி, இரண்டு மரபணு ஒரே நேரத்தில் ஓடும்போது என்ன செய்வது? தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பெருக்குங்கள். என் நீல ஸ்பிளிட் மகளை அந்த லாவெண்டர் அப்பனோடு சேர்த்தால் என்ன வரும் என்று பார்ப்போம். நீலச் சீட்டு விழுவது பாதி. லாவெண்டர் முழுமையாவது பாதி. பாதியில் பாதி கால். ஆக, கால் பங்கு கறுப்பு, கால் பங்கு நீலம், கால் பங்கு லாவெண்டர், கால் பங்கு இரண்டும் சேர்ந்து மிக வெளிறியது. அந்தக் கடைசிக் கால் பங்கைக் கண்ணால் பார்த்து லாவெண்டரிலிருந்து பிரிப்பது கடினம். அதை லாவெண்டர் என்று ஒருவர் வாங்கிப்போய்க் கறுப்போடு சேர்த்தால், அவருக்குப் பாதிக் குஞ்சு நீலமாகப் பொரியும். வம்சம் குழம்புவது இப்படித்தான். இந்த இரண்டு நிறத்தையும் ஒரே கூண்டில் கலக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளை என்பது ஒன்றல்ல

வெள்ளைப் பறவை ஒரு போர்வை மாதிரி. போர்வைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தப் போர்வையிலும் இரண்டு முக்கிய வகை உண்டு.

வெள்ளை லெக்ஹார்னின் வெள்ளை ஓங்கு வகை. ஒரு சீட்டே கறுப்புச் சாயத்தை அடைத்துவிடும். சிவப்பை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் லெக்ஹார்னைக் கறுப்புக் கோழியோடு சேர்த்தால் குஞ்சுகள் வெள்ளையாக வரும், இடையில் ஓரிரு கறுப்புப் பொட்டு விழும். பொன்னிறத்தில் கறுப்பு ஓரம் கட்டிய போலிஷ் கோழிக்கு இந்தச் சீட்டு இரண்டும் கிடைத்தால் கறுப்பு ஓரம் மட்டும் வெள்ளையாக மாறி, பொன் அப்படியே நிற்கும். ஷமோவா என்று விற்கும் நிறம் அதுதான். பட்டு மாதிரி இறகுள்ள சில்க்கி இனத்தில் பெயின்ட் என்கிறார்களே, வெள்ளையில் கறுப்புப் புள்ளி, அதுவும் கறுப்புப் பறவைக்கு இந்த ஓங்கு வெள்ளை ஒற்றைச் சீட்டாக விழுந்ததால் வருவது. பெயின்ட்டைக் கறுப்போடு சேர்த்தால் பாதி பெயின்ட், பாதி கறுப்பு.

வழக்கமான வெள்ளைச் சில்க்கியின் வெள்ளை அதுவல்ல. அது ஒடுங்கு வகை. இரண்டு சீட்டும் சேர்ந்தால் கறுப்பு, சிவப்பு இரண்டையும் மறைத்துவிடும். ஒரு சீட்டு மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வெள்ளைச் சில்க்கியைக் கறுப்புச் சில்க்கியோடு சேர்த்தால் வெள்ளை வராது. வெள்ளைக்குள் எது படுத்திருக்கிறதோ அது வெளியே வரும். பார்ட்ரிட்ஜ் என்ற கோடிட்ட பழுப்பு நிறம் இருக்கலாம், பஃப் இருக்கலாம், நீலம்கூட இருக்கலாம். கறுப்பில் பொன் கசிந்த குஞ்சு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெள்ளைச் சில்க்கி வாங்கும்போது அதன் தாய் தந்தை, உடன் பொரிந்த குஞ்சுகளின் நிறம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணிக்க வேறு பிடிமானம் கிடையாது.

நம்மூர்க்காரர்கள் ஏமாறும் இன்னோர் இடம் கருங்கோழி. தோலும் சதையும் கறுப்பாவது இறகு நிறத்திலிருந்து தனியான ஓங்கு பண்பு. சில்க்கியிலும் கடக்நாத்திலும் இதுதான் இருக்கிறது. ஒரு கடக்நாத் சேவலை நாட்டுக்கோழியோடு சேர்த்தாலே தோல் கறுத்த குஞ்சு வரலாம். அதைச் சுத்தக் கடக்நாத் என்று விற்கிறார்கள். அடுத்த தலைமுறையில் வெளுத்த குஞ்சு விழும்போதுதான் வாங்கியவருக்குத் தெரிகிறது.

பெட்டைக் குஞ்சின் நிறத்தை அப்பனிடம் கேளுங்கள்

சில நிறச் சீட்டுகள் பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கின்றன. மனிதரில் ஆணிடம்தான் எக்ஸும் ஒய்யும் என்று இரண்டு வேறு குரோமோசோம். கோழியில் தலைகீழ். சேவலிடம் இரண்டு இசட். பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகனுக்குக் கொடுக்கும், டபிள்யூவை மகளுக்குக் கொடுக்கும். ஆகவே மகளுக்குக் கிடைக்கும் ஒரே இசட் அப்பனுடையது.

இந்த வரிசையில் அழகுக் கோழிக்காரருக்குத் தேவையானவை மூன்று: பொன்-வெள்ளி, வரிக்கோடு, சாக்லேட்.

வெள்ளி பொன்னை மறைக்கும். சிவப்புச் சாயம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால், பெட்டை தன் வெள்ளிச் சீட்டை மகன்களுக்கு மட்டும் கொடுக்கிறது. மகன்கள் வெளிர்மஞ்சளாகவும் மகள்கள் செம்பழுப்பாகவும் பொரிகிறார்கள். பொரித்த அன்றே சேவல் எது பெட்டை எது என்று பிரித்துவிடலாம். பழுப்பு முட்டை இடும் வணிகக் கோழிகளில் குஞ்சு பிரிக்க இதே உத்தி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பொன் ஓரம் கட்டிய போலிஷ் சேவலை வெள்ளி ஓரம் கட்டிய பெட்டையோடு சேர்த்தாலும் கணக்கு இதுதான்: மகள்கள் பொன், மகன்கள் வெள்ளி, ஆனால் உள்ளே பொன் சுமப்பவர்கள். ஜோடியைத் திருப்பிப் போட்டால், அதாவது சுத்த வெள்ளிச் சேவலும் பொன் பெட்டையும் என்றால், ஆண் பெண் எல்லாமே வெள்ளி. முழுக் கறுப்புப் பறவையில் இதை எதிர்பார்க்காதீர்கள். சிவப்புச் சாயம் வெளியே தெரியாத இடத்தில் பொன்னும் வெள்ளியும் தெரியாது.

வரிக்கோடு ஓங்கு பண்பு. வரிக்கோட்டுப் பிளிமத் ராக் பெட்டையை வரியில்லாத கறுப்பு அல்லது சிவப்புச் சேவலோடு சேர்த்தால் மகன்களுக்கு மட்டும் வரி. அவை பொரிக்கும்போது கருங்குஞ்சின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். சுத்த வம்சத்தில் சேவல் பெட்டையைவிட வெளிறித் தெரிவதும் இதனால்தான். சேவலிடம் இரண்டு வரிச்சீட்டு, பெட்டையிடம் ஒன்று.

சாக்லேட் ஒடுங்கு பண்பு. சாக்லேட் சேவலும் கறுப்புப் பெட்டையும் சேர்ந்தால் மகள்கள் எல்லாம் சாக்லேட், மகன்கள் எல்லாம் கறுப்பு ஸ்பிளிட். ஒன்றைக் கவனியுங்கள். இசட்டில் இருக்கும் பண்புக்குப் பெட்டை ஒருபோதும் ஸ்பிளிட் ஆக முடியாது. அதனிடம் ஒரே சீட்டு, ஒளித்து வைக்க இடம் இல்லை. "சாக்லேட் ஸ்பிளிட் பெட்டை" என்று யாராவது விலை சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

பேட்சனும் பன்னட்டும் 1911இல் சில்க்கியின் கருந்தோலைப் பற்றி எழுதியபோது இதே புதிரைத்தான் அவிழ்த்தார்கள். சில்க்கிப் பெட்டையைப் பிரவுன் லெக்ஹார்ன் சேவலோடு சேர்த்தால் குஞ்சுகளில் கருமை கொஞ்சம்தான். சில்க்கிச் சேவலை லெக்ஹார்ன் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் மட்டும் நன்றாகக் கறுத்துவிடுகின்றன. சேவல் எது, பெட்டை எது என்று மாற்றினாலே விடை மாறுகிறது என்றால், அந்தப் பண்பின் ஒரு பகுதி இசட்டில் இருக்கிறது என்று பொருள். உங்கள் கூண்டிலும் இது நல்ல சோதனை.

கூண்டில் செய்ய வேண்டியது

கணக்குச் சரியாக இருந்தும் குஞ்சு வேறு மாதிரி வந்தால், பத்துக்கு ஒன்பது தடவை தவறு கூண்டில்தான் இருக்கும்.

சேவலை மாற்றினால் உடனே முட்டை சேர்க்க வேண்டாம். பெட்டை சேவலின் விந்தை உடலுக்குள் இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு வைத்திருக்கும். மூன்று வாரம் முழுதாக விடுங்கள், நான்கு என்றால் இன்னும் நிம்மதி. அதுவரை இடும் முட்டை சமையலுக்கு.

ஒரு கூண்டுக்கு ஒரே சேவல். முட்டை எடுத்ததும் பென்சிலால் கூண்டு எண்ணும் தேதியும் எழுதுங்கள். பேனா மை வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும், அப்போது மூன்று நான்கு நாளே அதிகம்.

இன்குபேட்டரில் 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது ஒவ்வொரு கூண்டின் முட்டையையும் தனித்தனி வலைப்பையில் போட்டு வைக்கிறேன். 21ஆம் நாள் எல்லாம் ஒன்றாகப் பொரிந்து ஓடிக்கொண்டிருந்தால் எது யாருடைய குஞ்சு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாட்டுக்கோழியில் அடை வைப்பவர்கள் ஒரு கோழிக்கு ஒரு ஜோடியின் முட்டை என்று வைத்தால் போதும். பொரிந்ததும் கால் நகத்தில் நகப்பூச்சு, பத்து நாளில் கால் வளையம். கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்ற வேண்டும். மறந்தால் சதைக்குள் புதைந்துவிடும்.

நோட்டில் ஐந்தே தலைப்பு போதும்: ஜோடி, எதிர்பார்த்தது, பொரித்த அன்று கண்டது, மூன்றாம் மாதம் கண்டது, ஆறாம் மாதம் கண்டது. எதிர்பார்த்ததை முட்டை வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு தனக்கு வேண்டியபடி திருத்திக்கொள்ளும்.

ஸ்பிளிட்டா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் சோதனை ஜோடி போடலாம். சந்தேகக் கறுப்புப் பறவையை லாவெண்டரோடு சேருங்கள். ஒரு லாவெண்டர் குஞ்சு விழுந்தாலே ஸ்பிளிட் என்பது உறுதி. விழாவிட்டால் எண்ணிக்கை பேசும். உண்மையில் ஸ்பிளிட்டாக இருந்தும் ஐந்து குஞ்சும் கறுப்பாகவே வருவதற்கு வாய்ப்பு நூற்றில் மூன்று, ஏழு குஞ்சு என்றால் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. ஏழு கறுப்பு வந்தால் நான் அந்தப் பறவையைச் சுத்தம் என்றே வைத்துக்கொள்வேன்.

முதல் வருடம் தொடாமல் விட வேண்டியவை

ஓரம் கட்டிய நிறங்கள், பார்ட்ரிட்ஜ், பஃப். இவை ஒரு மரபணுவின் வேலை அல்ல. செப்ரைட் இறகின் ஓரக்கோட்டுக்கு நான்கைந்து சீட்டுகள் ஒன்றாக அமைய வேண்டும். வேறு நிறத்தோடு ஒருமுறை கலந்தால் கலைந்துபோகும். மீண்டும் கூட்டிச் சேர்க்கப் பல தலைமுறையும் நிறையக் குஞ்சும் ஆகும். பஃப் பறவையைக் கறுப்போடு சேர்த்தால் பெரும்பாலும் கறுப்பு வரும், கழுத்தில் பொன் கசியும், அடுத்த தலைமுறையில் பத்துக் குஞ்சும் பத்து நிறம். அந்த வகையை அந்த வகையோடு மட்டும் வைத்துப் பெருக்குங்கள்.

நிறம் இல்லாவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இறகு சுருண்ட ஃபிரிசில் கோழி இரண்டைச் சேர்க்காதீர்கள். அதுவும் நீலம் மாதிரி ஒற்றைச் சீட்டின் அழகு. இரண்டு சீட்டு விழுந்த கால் பங்குக் குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து, வெற்று உடம்போடு குளிரிலும் வெயிலிலும் வதங்கும். ஃபிரிசிலோடு சாதாரண இறகுப் பறவை ஒன்றைச் சேர்த்தால் பாதிக் குஞ்சு ஃபிரிசிலாகவே வரும். பிறகு அந்தக் கொடுமை எதற்கு?

குஞ்சுத் தூவியைப் படிப்பது

பொரித்த அன்றே நிறம் எழுதுங்கள், ஆனால் முடிவு எழுதாதீர்கள். முழுக் கறுப்பு வம்சத்தின் குஞ்சுக்கு வயிறும் இறக்கை நுனியும் வெள்ளையாக இருக்கும், பார்க்கப் பெங்குயின் மாதிரி. புள்ளி விழுந்துவிட்டது என்று பயந்து நல்ல குஞ்சைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வெள்ளை முதல் இறகு மாற்றத்திலேயே போய்விடும். நீலக் குஞ்சு சாம்பல் தூவியோடும் ஸ்பிளாஷ் இன்னும் வெளிறியும் வரும். லாவெண்டர் குஞ்சும் சாம்பல்தான், நீலத்தோடு வைத்துப் பார்த்தால் அந்த வயதில் பிரிக்க முடியாது. அங்கே நோட்டுதான் சாட்சி.

மூன்றாம் மாதம் இறகை விரித்து ஓரக்கோடு பாருங்கள். சேவலின் கழுத்திலும் முதுகிலும் பொன் கசிவது இன்னும் தாமதமாகத்தான் தெரியும், சில நேரம் ஐந்து ஆறு மாதம் ஆகும். வெயிலில் திரியும் கறுப்பு இறகு பழுப்பேறும், லாவெண்டர் மஞ்சளாகும். அதை மரபணுக் குறை என்று எழுதிவிடாமல், இறக்கையைத் தூக்கி அடியில் வெயில் படாத இறகைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான் பறவையின் நிறம். அந்த நிறத்தைக் கடைசித் தலைப்பின் கீழ் எழுதிவிட்டு, முட்டை வைக்கும் முன் எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத குஞ்சு ஒன்று இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். அடுத்த பருவத்தின் சோதனை ஜோடி அதுதான்.